பாட்டுக்கு எதற்குப் பாட்டில்?

காஞ்சிபுரத்தில் ஏனாத்தூர்ச் சாலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கிடங்கைக் குத்தகைக்கு எடுத்து இசைக்கூடம் ஆக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். பிள்ளையார்பாளையத்துப் பையன். அப்பா பட்டு நெய்கிறவர், மகன் கிதார் வாசிக்கிறவன். தரையில் வரைபடத்தை விரித்தான். கிழக்கே மேடை, எதிரில் 150 நாற்காலி, ஓரத்தில் ஒலிப்பதிவுக்கு ஒரு சின்ன அறை. எல்லாவற்றையும் அளந்து அழகாகப் போட்டிருந்தான். இடதுபக்கச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு கட்டம் இருந்தது. இது என்னப்பா என்று கேட்டேன்.

“பார் கவுண்டர் அண்ணா. முதல்ல லைசென்ஸுக்கு ஏற்பாடு பண்ணணும். அது இல்லாம லைவ் மியூசிக் ஹால் மூணு மாசம் தாண்டாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

அந்த ‘எல்லாரும்’ யாரென்று எனக்குத் தெரியும். சென்னையில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், பெங்களூருக்குப் போய் வாசித்துவிட்டு வரும் பேண்டுப் பையன்கள், கணக்குப் பார்க்கிற ஆடிட்டர்கள், ‘இரவுப் பொருளாதாரம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள். டிக்கெட் காசு வாசிக்கிறவனுக்கும் சவுண்ட் செட்டுக்குமே சரியாகிவிடும், வாடகையும் கரண்ட் பில்லும் சரக்கில்தான் எடுக்கவேண்டும் என்கிறார்கள். பெங்களூரைப் பார், பாண்டிச்சேரியைப் பார் என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் சம்பாதிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போவார்கள் என்று கேட்கிறார்கள். கடைசியாக, வெட்டவெளிச்சமான ஒரு கேள்வியையும் வைக்கிறார்கள்: அரசாங்கமே ஊர் முழுக்கக் கடை திறந்து விற்கும்போது, நல்ல கூடத்தில் நல்ல பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒருவர் பண்பாகக் குடித்தால் என்ன கெட்டுவிடும்?

இது இன்று விவாதமே தேவைப்படாத உண்மைபோல ஆகிவிட்டது. இருபது வருடமாகக் கச்சேரி மேடைகளில் கீபோர்டு வாசித்தவன், காஞ்சிபுரத்தில் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதை நான் முழுக்க மறுக்கிறேன். மது உரிமம் இசைக்கூடத்தைக் காப்பாற்றாது. அதை மதுக்கூடமாக்கிவிட்டு, இசையை அதன் சுவரில் மாட்டிவைக்கும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரசின் இரட்டை வேடத்தைப் பற்றி அவர்கள் சொல்வது அத்தனையும் உண்மை. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். வரி வளர்ந்துகொண்டே வந்தது. மதுவிலக்கு 1971-இல் தளர்ந்து, பிறகு மீண்டு, 1981-இல் மறுபடி போனது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2023-24-இல் மட்டும் மது மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை விற்பனையும் நடப்பது 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். சட்டத்தின் பெயர் இன்றும் அதுவே. இதில் நியாயம் எதுவும் இல்லை. ஆனால் அரசு தன் கஜானாவுக்குக் குடியை முட்டுக்கொடுத்துக்கொண்டது தப்பு என்றால், நம் மேடைக்கும் அதையே முட்டுக்கொடுப்பது எப்படிச் சரியாகும்?

சட்டத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் லைசென்ஸ் என்று பேசுகிறவர்களில் பலர் விதிகளைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் 1981-ஆம் வருட மது உரிம விதிகளின்படி, தனியார் ஒருவர் மக்களை உட்காரவைத்து மது பரிமாற முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. எஃப்.எல்.2 என்பது கிளப்புக்கு உரியது. உறுப்பினருக்கும் அவர் அழைத்துவரும் விருந்தினருக்கும் மட்டும். எஃப்.எல்.3 நட்சத்திர ஹோட்டலுக்கு உரியது. இசைக்கூடம் என்று ஓர் இனமே அந்த விதிகளில் இல்லை. 150 நாற்காலியும் ஒரு மேடையும் வைத்திருப்பவன் மது பரிமாற வேண்டுமானால், அறைகள் கட்டி ஹோட்டல் ஆகவேண்டும், அல்லது உறுப்பினர் பட்டியல் எழுதி கிளப் ஆகவேண்டும். ஹோட்டல் கட்டுகிற முதலும் கிளப் நடத்துகிற செல்வாக்கும் நெசவாளி மகனிடம் இருக்காது. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்கள்தான் உரிமம் வாங்குவார்கள். அவர்கள் கூடத்தின் ஒரு மூலையில் இந்தத் தம்பி போய்க் கூலிக்கு வாசிப்பான். லைசென்ஸ் வந்தால் கலைஞன் முதலாளி ஆவான் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

விதியை மாற்றச் சொல்லிக் கேட்போமே என்பார்கள். 2023-இல் அதுவும் நடந்து பார்த்தாயிற்று. மார்ச் மாதம் எஃப்.எல்.12 என்ற புதிய சிறப்பு உரிமத்தை அரசிதழில் வெளியிட்டார்கள். மாநாட்டுக் கூடம், விளையாட்டரங்கம், கல்யாண மண்டபம் ஆகியவற்றில் நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு மது பரிமாற அது வழிசெய்தது. ஏப்ரல் 24 அன்று செய்தி வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. ஆளும் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. கல்யாண மண்டபத்தை உடனே எடுத்துவிட்டார்கள். பாமக வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. அந்தச் சர்ச்சை முழுவதிலும் ‘இசை’ என்ற சொல் எங்காவது கேட்டதா? சர்வதேச உச்சி மாநாடு, கிரிக்கெட், முதலீட்டாளர் சந்திப்பு என்றுதான் பேசினார்கள். உரிமம் யாரை மனதில் வைத்து எழுதப்படுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஏனாத்தூர்க் கிடங்கில் கிதார் வாசிக்கிறவன் அந்த மனதில் எங்கும் இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசக் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் மது விற்கச் சட்டப்படி வாங்குகிறவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏனாத்தூர் எப்படிப்பட்ட ஊர்? சங்கர மடத்தின் பல்கலைக்கழகம் 1993 முதல் இங்கே இருக்கிறது. கலைக்கல்லூரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலை எட்டரைக்குப் பேருந்தில் நின்று பாருங்கள்: முதுகில் பையும் காதில் இயர்போனும் மாட்டிக்கொண்டு இறங்குகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயதினர். பாட்டுக்காக உயிரை விடுகிற வயது அது. முதல் கிதாரைக் கடன் வாங்கி வாங்குகிற வயது. விடுதி மொட்டைமாடியில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டுகிற வயது. இந்த ஊரில் இசைக்கூடம் வைத்தால் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். கவுண்டரைப் போட்ட மறுநாள் அவர்களுக்குத்தான் முதலில் கதவு சாத்தப்படும். வாசலில் ஒருவன் நின்று ஆதார் அட்டையைப் பார்ப்பான். இருபது வயதுப் பிள்ளை திரும்பிப் போகும். பாட்டில் ஆர்வமே இல்லாத நாற்பது வயதுக்காரர் உள்ளே போவார். இருக்கிற கேட்போரைத் துரத்திவிட்டு இல்லாத கேட்போரைக் காசுக்காகக் கூப்பிடுகிற காரியத்தை ‘இசையைக் காப்பாற்றுவது’ என்று சொன்னால் என்னால் ஏற்கமுடியவில்லை.

இடமும் இடம் கொடுக்காது. சில்லறைக் கடைகளுக்கான 2003-ஆம் வருட விதிப்படி வழிபாட்டுத் தலத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடத்தில் 100 மீட்டர் தள்ளியே மது விற்கவேண்டும். பெங்களூர் நெடுஞ்சாலை ஏனாத்தூருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் மது விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது; 500 மீட்டர் என்று அளவும் வைத்தது; சின்ன ஊர்களுக்கு அதை 2017-இல் 220 மீட்டர் ஆக்கியது. ஊர் எல்லைகளுக்குள் பிறகு சில தளர்வுகள் வந்தன. கோவிலையும் கல்லூரியையும் நெடுஞ்சாலையையும் கழித்துவிட்டு இந்த வட்டாரத்தில் கூடத்துக்கு இடம் தேடினால், பேருந்தும் விளக்கும் இல்லாத ஏதோ ஒரு வயல்வெளிக்குத்தான் போய்ச் சேரவேண்டும். இரவு ஒன்பதரைக்கு அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை எப்படி வீட்டுக்கு வருவாள்?

இனி காசுக் கணக்கு. எதிராளிகளின் கோட்டை அது, ஆகவே நின்று பார்க்கவேண்டும்.

பாரில் வாசிப்பது என்றால் என்ன என்று எனக்கு நேரடியாகத் தெரியும். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் மதுக்கூடத்தில் இரண்டு வருடம் வாசித்தேன். வாரத்தில் மூன்று நாள். முதல் வாரமே மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுதலாக விடுங்கள், அப்போதுதான் ஆர்டர் வரும். மெதுவான பாட்டு எடுக்காதீர்கள், டேபிள் தூங்கிவிடும். பத்து மணிக்கு மேல் எல்லாரும் ஆடுகிற பாட்டு மட்டும். ஒருநாள் எங்கள் பாடகி ஹம்சாநந்தியில் ஒரு சொந்த மெட்டைப் பாடினார். நன்றாகப் பாடினார். முன்வரிசையில் இருந்தவர் ஒரு குத்துப்பாட்டைக் கேட்டுக் கிளாஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். பாதியில் நிறுத்தச் சொல்லிச் சீட்டு வந்தது. அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. அவர் விற்கிற பொருள் வேறு. எங்கள் பாட்டு அந்தப் பொருளுக்கு ஊறுகாய். வருமானம் எதிலிருந்து வருகிறதோ அதற்குத்தான் கூடம் கட்டுப்படும். டிக்கெட்டில் ஓடுகிற கூடம் கேட்பவனுக்குக் கட்டுப்படும், சரக்கில் ஓடுகிற கூடம் குடிப்பவனுக்குக் கட்டுப்படும். இரண்டு வருடத்தில் நான் ஒரே ஒரு புதுப்பாட்டுக்கூடப் போடவில்லை. அந்த வருடங்கள் திரும்ப வராது.

தம்பியின் கூடத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 நாற்காலியில் 120 நிரம்புகிறது, டிக்கெட் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கச்சேரிக்கு 24,000. பாதியை வாசிக்கிறவர்களுக்குக் கொடுத்தால் மீதி 12,000. மாதம் நான்கு கச்சேரிக்கு 48,000. இசை நிகழ்ச்சிக்கு நபருக்கு 500 ரூபாய் வரை டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே அது அப்படியே கையில் நிற்கும். ஒலி ஆள், மின்சாரம், பாட்டுகளின் உரிமைத்தொகை, குத்தகை எல்லாம் இதில் அடங்கவேண்டும். இழுபறிதான், மறுக்கவில்லை.

ஆனால் கூடம் மாதத்தில் நான்கு சாயங்காலம் மட்டுமா திறந்திருக்கும்? பகலெல்லாம் அது சும்மா கிடக்கவேண்டியதில்லை. காலையில் டிரம்ஸ் வகுப்பு, சனி ஞாயிறு சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு, பரத அரங்கேற்றம், பள்ளி ஆண்டுவிழா ஒத்திகை, பக்கத்து அறையில் ஒலிப்பதிவு என்று எல்லாமே வாடகை. சிறுகூடங்கள் பிழைப்பது இந்தப் பகல் வருமானத்தில்தான். சுவரோரம் பாட்டில்கள் அடுக்கிய கூடத்துக்கு எந்த அம்மா தன் எட்டு வயது மகளைப் பாட்டுக் கற்றுக்கொள்ள அனுப்புவாள்? எந்தப் பள்ளித் தாளாளர் விழாவுக்கு அந்த இடத்தைக் கேட்பார்? ராத்திரி நாலு மணி நேரச் சரக்கு வருமானத்துக்காகப் பகல் பத்து மணி நேர வருமானத்தைக் கைகழுவுகிறோம் என்பதை எந்த ஆடிட்டரும் எழுதிக் காட்டுவதில்லை. அதோடு உரிமக் கட்டணம், வாசல் காவலாள், கேமரா, உடையும் நாற்காலி, வாரம் தவறாமல் வந்து நிற்கும் அதிகாரி ஆகிய செலவுகளையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

வெளியூரைப் பார் என்கிறார்களே, பார்ப்போம்.

பெங்களூரில் மதுக்கூடங்களில் லைவ் பேண்டுகளைக் கட்டுப்படுத்த 2005-இல் காவல்துறை ஓர் உரிம ஆணை கொண்டுவந்தது. கூட உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 ஜனவரியில் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்று சொல்லிவிட்டது. சில மாதங்களில் காவல்துறை இறங்கியது. இந்திரா நகரிலும் கோரமங்கலாவிலும் கூடம் கூடமாகப் பாட்டு நின்றது. கவனியுங்கள்: நின்றது பாட்டுதான், சரக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது. மதுக்கூடத்துக்குப் பாட்டு இல்லாமலும் வியாபாரம் உண்டு. மதுக்கூடத்தை நம்பிய பாட்டுக்காரனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த ஊரில் வாசித்துக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வேலை போனது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். காலிங்வுட் பகுதியில் ‘தி டோட்’ என்ற பழைய மதுவிடுதி. உள்ளூர் பேண்டுகள் பல வளர்ந்த மேடை. இரவில் நேரடி இசை இருக்கிற விடுதி ‘அதிக ஆபத்துள்ள’ இடம் என்று மது உரிம அலுவலகம் வகைப்படுத்தி, காவலாட்கள் போடு, கேமரா வை என்று நிபந்தனை விதித்தது. கட்டுப்படியாகாமல் 2010 ஜனவரியில் அது மூடப்பட்டது. குடித்துவிட்டு அடித்துக்கொள்வதற்குக் காரணம் பாட்டு என்று எங்கும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் சாராயத்தின் பழியைப் பாட்டு சுமந்தது, இரண்டும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டிருந்ததால். பிப்ரவரி 23 அன்று பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். இசைக்கும் வன்முறைக்கும் முடிச்சுப் போடுவதை அரசு கைவிட ஒப்புக்கொண்ட உடன்பாடு அக்டோபரில் கையெழுத்தானது. அந்த மேடையும் புதிய கைகளில் மறுபடி திறந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த மக்கள் எதற்காகப் போராடினார்கள் என்று பாருங்கள். இசையை மது உரிமத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப் போராடினார்கள். நம் ஆட்கள் அதே பிடிக்குள் தலையைக் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள்.

பப்புகளின் தாயகமான இங்கிலாந்திலும் இதே கதை. 2003-ஆம் வருட உரிமச் சட்டம் மதுவையும் பொழுதுபோக்கையும் ஒரே உரிமத்துக்குள் கட்டியது. அதற்கு முன் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து வாசிக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை என்று ஒரு சலுகை இருந்தது, அதுவும் போயிற்று. சின்ன மேடைகள் நசுங்கின. 2012-இல் தனியாக ஓர் இசைச் சட்டமே கொண்டுவந்து முடிச்சை அவிழ்த்தார்கள்: காலை எட்டு முதல் இரவு பதினொன்று வரை ஒலிபெருக்கி இல்லாத பாட்டுக்கு எங்குமே உரிமம் வேண்டாம், 200 பேர் வரையிலான கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வைத்தாலும் மது விடுதிகளில் தனி அனுமதி வேண்டாம். 2015-இல் அந்த 200, 500 ஆனது.

மது இல்லாத கூடத்தில் புதிய இசை பிறக்காது என்று யாராவது சொன்னால், அமெரிக்காவில் பெர்க்லி நகரத்து கில்மன் தெரு 924-ஆம் எண் கட்டடத்தைக் காட்டுவேன். 1986 டிசம்பர் 31 அன்று திறந்தது. உள்ளே மது கிடையாது, எந்த வயதினரும் வரலாம், தொண்டர்களே நடத்துகிறார்கள். பிற்காலத்தில் உலகம் முழுக்கக் கச்சேரி செய்த ‘கிரீன் டே’ குழு விடலைப் பருவத்தில் வளர்ந்த மேடை அது. பதினாறு வயதுப் பையன் உள்ளே வரமுடிந்ததால்தான் அவனால் அங்கே வளரமுடிந்தது.

அத்தனை தூரம் போவானேன், காஞ்சிபுரத்துக்கே வருகிறேன். லயத்தில் சிங்கம் என்று பேரெடுத்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியத்தை உட்காரவைத்து ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்வார். இதே ஊரில் தியாகராஜர் உற்சவத்தை நாள்கணக்கில் நடத்தினார். சின்னப்பெண்ணாக அதைக் கேட்டுத் தன் பல்லவிக்கு உரமேற்றிக்கொண்டவர் டி.கே. பட்டம்மாள். அந்தச் சிறுமி உள்ளே போய் உட்காரத் தடையில்லாத இடமாக அது இருந்தது என்பதில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது. சபைக்கும் கோவிலுக்கும் சாதி வாசற்படி உண்டு, யாருக்கெல்லாம் கதவு திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பழையது அத்தனையும் பொன் என்று சொல்ல வரவில்லை.

ஆகவே கோவிலையும் சபையையும் விட்டுவிட்டுக் கூத்துக்குப் போவோம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்றும் கட்டைக்கூத்து விடிய விடிய நடக்கிறது. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் ராத்திரி பத்துக்குத் தொடங்கினால் சூரியன் வரும்வரை ஓயாது. உலகத்தில் எந்த மதுக்கூடமாவது ஒரே ராத்திரியில் எட்டு மணி நேரம் நேரடி இசை கொடுத்திருக்கிறதா? செலவுக்கு வீட்டுக்கு வீடு வரி. கூத்துத் திடலுக்குப் பின்னால் குடி இருக்கிறதா என்றால், இருக்கிறது. இருட்டில் நாலு பேர் நின்று குடித்துவிட்டு வந்து சலம்புவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் திடலின் செலவை அந்த நாலு பேர் தாங்கவில்லை. ஆகவே அவர்கள் சொல்கிறபடி கூத்தும் நடக்கவில்லை. சலம்பினால் பெரியவர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். காசு அவர்களுடையதாக இருந்திருந்தால் யார் வெளியே போயிருப்பார்கள்?

திடலில் உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். முன்னால் பாயில் குழந்தைகள், அவர்களுக்குப் பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிழவிகள், தறிவேலை முடித்துவிட்டு வந்த பெண்கள். கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் உருவானது. அதன் குருகுலம் 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்சி கொடுத்தது. ஆண்களே பெண்வேடம் கட்டிய மேடையில் பெண் ஏறிக் கட்டியக்காரனுக்குப் பதில் சொன்னாள். அப்படி வந்த ஒரு பெண், ஆடுவதற்கு இன்னொரு மேடை தேடினால் எங்கே போவாள்? கவுண்டர் போட்ட கூடத்துக்கு அவள் வீட்டில் அனுப்புவார்களா?

நெசவாளர் வீடுகளில் குடி என்ன செய்தது என்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் ஒரு ஆள் கூலி வாங்கின அன்று காணாமல்போவார், தறி மூன்று நாள் நிற்கும். அந்த மூன்று நாள் பாவு அப்படியே கிடக்கும், அடுப்பும் அப்படித்தான். தறிக்குழியில் இருந்துகொண்டே பாடத் தெரிந்த பெண்களை எனக்குத் தெரியும். ஒரு இசைக்கூடம் திறந்தால் அவர்கள் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. குடியிலிருந்து தப்பி ஒரு சாயங்காலம் பாட்டுக் கேட்க வருகிற பெண்ணை, குடி நடக்கிற இடத்துக்கே வா என்று கூப்பிட என் வாய் எழவில்லை.

என் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிற இன்னொரு கூட்டத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். கோவில் நகரத்தில் பார் வரக்கூடாது, புனிதம் கெட்டுவிடும் என்பவர்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்குக் கிதாரும் ஆகாது, பறையும் ஆகாது, ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கேட்பதும் ஆகாது. பாரை எதிர்த்துத் தொடங்கி மேடையை மூடுவதில் முடிப்பார்கள். டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் அவர்களும் தினமும் போய்வருகிறார்கள். என் எதிர்ப்பு ஊரின் புனிதத்துக்காக எழுந்ததல்ல. பாட்டுக்காகவும், அதைக் கேட்க வரவேண்டியவர்களுக்காகவும் எழுந்தது.

சரி, சின்னக் கூடம் எப்படித்தான் பிழைக்கும் என்று தம்பி கேட்டான். அரசிடம் கேட்கவேண்டியது மது உரிமம் அல்ல என்று சொன்னேன். 200 பேருக்குக் குறைந்த கூடத்துக்குக் காவல் நிலையம், தீயணைப்பு, உள்ளாட்சி என்று தனித்தனியாக அலையாமல் வருடத்துக்கு ஒரே அனுமதி கேட்போம். ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது மெல்லிசைக் கச்சேரிக்கு முன்பணம் கொடுக்கிற தெருக்காரர்களிடம் போவோம். அவர்களைவிட நல்ல புரவலர் இந்த ஊரில் இல்லை, வருடத்தில் ஒரு நாள் கொடுப்பதைப் பன்னிரண்டு மாதத் தவணையாகக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள். கல்லூரிகளிடம் மாணவர் சந்தா கேட்போம். ஒலிபெருக்கிக்கு எப்படியும் இரவு பத்து மணிதான் எல்லை. 2000-ஆம் வருட ஒலி மாசு விதி அது. ஆகவே ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்போம், பஸ் இருக்கும்போதே எல்லாரும் வீடு போய்ச் சேரட்டும். டீயும் சுண்டலும் போதும்; மார்கழியில் சென்னைச் சபாக்களின் கேண்டீன் வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முதல் போடுகிற நண்பன் கேட்கமாட்டான் என்றான். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அந்த நீளக் கட்டத்தின் மேல் வைத்தான். நிஜத்தில் இருபத்தைந்து அடி நீளம், உள்ளே ஆள் நிற்கும் இடத்தோடு ஏழடி அகலம். காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தான். கால் நீட்டும் இடம் விட்டு இருபத்தெட்டு நாற்காலி வருகிறது.

“ஒரு கச்சேரிக்கு இன்னும் ஐயாயிரத்து அறுநூறு, அண்ணா” என்றான்.